சக்கர நாற்காலியில் இருப்பவரும் பயன்படுத்தும் நகரும் பணிமேசை: வடிவமைப்பில் ஆலோசனை வேண்டும்

கோட்டுச்சித்திரம் (வினா)

அனைவருக்கும் வணக்கம். ஓவியம், அனிமேஷன், ஒலித்தொகுப்பு ஆகிய மூன்று வேலைகளும் ஒரே கூடத்தில் நடக்கும் சிறிய கலைக்கூடம் ஒன்றுக்கு, இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளத்தக்க பணிமேசை ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வரையும்போது சன்னலோரத்திலும், படப்பிடிப்பின்போது சுவரை ஒட்டியும், ஒலிப்பதிவின்போது தடுப்புக்குப் பின்னாலும் மேசை இருக்க வேண்டியிருப்பதால், சக்கரம் வைத்த மேசை என்பது வரை முடிவாகிவிட்டது.

இதைப் பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவர் கைகளால் உருட்டும் சக்கர நாற்காலியில் இருப்பவர். இன்னொருவருக்கு வலக்கை இயங்காது; இடக்கையால் மட்டும் வரைகிறார், அந்தக் கையிலும் சிறு நடுக்கம் உண்டு. மூன்றாமவர் ஒலித்தொகுப்பாளர், பார்வை மிகக் குறைவு என்பதால் கூடத்துக்குள் வெள்ளைக் கோலுடன் நடமாடுகிறார். மற்ற இருவர் நின்றுகொண்டே வேலை செய்ய விரும்புகிறார்கள்.

என் முதல் வரைவில் 1200 × 700 மி.மீ. மேற்பலகை, மோட்டாரால் உயரம் மாறும் இரண்டு கால்கள், கால்களை இணைக்கும் குறுக்குச்சட்டம், மேற்பலகைக்கு அடியில் இழுப்பறை, ஒரு பக்கத்தில் கணினிப் பெட்டி, கீழே பிரேக் உள்ள நான்கு சக்கரங்கள் ஆகியவை இருக்கின்றன. மின்சாரத்துக்குச் சுவரிலிருந்து நீட்டிப்புக் கம்பி போதும் என்று நினைத்திருக்கிறேன். முழங்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எப்படிப்பட்ட சக்கரம் போட வேண்டும், மின்கம்பி இல்லாமல் இயக்க வழி உண்டா என்பவற்றில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இழைப்புளி

வணக்கம். இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான மேசைகளும் அலமாரிகளும் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அளவுகளுக்குப் போகும் முன் உங்கள் வினாவில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். இந்த மேசையை நகர்த்தப் போகிறவர் யார்? சக்கர நாற்காலியை உருட்டுபவரின் இரண்டு கைகளும் வளையங்களின் மேல் இருக்கின்றன. மேசையைத் தள்ள மூன்றாவது கை அவருக்கு இல்லை. வெள்ளைக் கோலுடன் நடப்பவருக்கும் ஒரு கைதான் மிஞ்சும். இடக்கை மட்டும் இயங்குபவர் 1200 மி.மீ. நீள மேசையை ஒரு முனையிலிருந்து தள்ளினால் அது நேராகப் போகாமல் சுற்றிக்கொள்ளும். ஆக, நீங்கள் வரைந்திருப்பது நின்று நடக்கும் இருவர் மட்டுமே நகர்த்தக்கூடிய மேசை. மற்ற மூவரும் ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கூப்பிட்டாக வேண்டும்.

எனவே மேசையை இரண்டாகப் பிரியுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வேலைக்கான மேற்பலகையும் கால்களும் ஒரு பகுதி. கணினி, மின்கலம், இழுப்பறைகள் ஆகியவை குறுகலான ஒரு தள்ளுவண்டியில் தனிப்பகுதி. கணினிப் பெட்டியும் இழுப்பறையும் போய்விட்டாலே மேசையின் எடையில் பெரும்பங்கு குறைந்துவிடும். கூடத்தின் மூன்று மூலைகளிலும் எளிய மேசைச் சட்டகங்கள் நிலையாக இருந்து, கருவிகளைச் சுமக்கும் வண்டி மட்டும் அவற்றுக்கு இடையே போய்வருவது அதைவிடவும் நல்லது. இடமும் செலவும் இடம் கொடுக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி அளவுகள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு அணுகல் தரநிலையில் உள்ள எண்களைத்தான் நான் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறேன். அதன்படி மேசையின் கீழ் முழங்காலுக்குக் குறைந்தது 685 மி.மீ. உயரமும் 760 மி.மீ. அகலமும் தடையின்றி இருக்க வேண்டும். பாதங்கள் போவதற்குத் தரையிலிருந்து 230 மி.மீ. உயரம் வரை, மேசையின் முன்விளிம்பிலிருந்து குறைந்தது 430 மி.மீ. ஆழம் வெறுமையாக இருக்க வேண்டும். மேற்பரப்பு 710 முதல் 865 மி.மீ. வரை இருக்கலாம். இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது மேற்பலகையின் அடிப்பக்கத்தை. மேற்பரப்பு 730 மி.மீ. என்று வரைபடத்தில் போட்டுவிட்டு, 25 மி.மீ. பலகை, அதன் கீழ் 40 மி.மீ. இரும்புச் சட்டம், அதற்கும் கீழ் இழுப்பறை என்று அடுக்கினால் முழங்காலுக்கு மிஞ்சுவது 600 மி.மீ. கூட இராது. அதனால் இழுப்பறையை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். கால்களை இணைக்கும் குறுக்குச்சட்டம் பாதத்தில் இடிக்கும்; அதைப் பின்விளிம்பை ஒட்டி மேலே கொண்டுபோங்கள். காலின் தூண் நடுவில் நிற்கும் டி வடிவத்தைவிட, தூண் பின்னுக்குத் தள்ளியிருக்கும் சி வடிவக் காலே இதற்குப் பொருத்தமானது.

மோட்டாரால் உயரம் மாறும் கால்களில், ஒரு குழாய்க்குள்ளிருந்து இன்னொன்று மட்டும் நீளும் ஒரே அடுக்கு வகை பெரும்பாலும் 700 மி.மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் வகை ஏறத்தாழ 620 இலிருந்து 1270 மி.மீ. வரை போகும். சக்கரத்தின் உயரமும் இதனுடன் கூடும் என்பதை மறக்க வேண்டாம்: 125 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் அதன் பிடியோடு 150 மி.மீட்டருக்கு மேல் உயர்த்திவிடும். காலின் அடிச்சட்டத்துக்கு நேர்கீழே சக்கரத்தைப் பொருத்தாமல், பக்கவாட்டில் ஒரு தாங்கி வைத்துப் பொருத்தினால் இந்த உயரத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளலாம்.

சக்கரம் சுழல்வதையும் திரும்புவதையும் ஒருசேரப் பூட்டும் பிரேக் வேண்டும். சுழற்சியை மட்டும் பூட்டும் மலிவான வகையில் மேசை நின்ற இடத்திலேயே ஆடும். சக்கரம் தாங்கும் எடையைக் கணக்கிடும்போது மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுங்கள். தரை எங்கேயும் முழுச் சமமாக இருப்பதில்லை, ஆகவே பல நேரங்களில் மூன்று சக்கரங்களே எடையைச் சுமக்கும். மேசை, கருவிகள், சாய்ந்து நிற்கும் மனிதரின் பாரம் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்றால் ஒவ்வொரு சக்கரமும் 40 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும்.

கவிழ்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோ எடையுள்ள மேசை, தள்ளும் திசையில் சக்கரங்களுக்கு இடையே 600 மி.மீ. தூரம், எடை நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் கதவின் வாசற்படியில் தடுக்கி நிற்கும்போது 1100 மி.மீ. உயரத்தில் தள்ளினால், ஏறத்தாழ 16 கிலோ விசையிலேயே மேசை சாயத் தொடங்கும், 750 மி.மீ. உயரத்தில் தள்ளினால் 24 கிலோ விசை வேண்டும். எனவே நகர்த்தும் முன் மேசையை முழுவதும் இறக்க வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். கனமான பொருள் எதுவானாலும் அடியில் இருக்கட்டும்.

தூரிகையாள்

இழைப்புளி அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் ஓவியர், முதுகுத்தண்டுக் காயத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்து வேலை செய்கிறேன். அளவுகளில் அடங்காத சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, உயிருக்கும் உடலுக்கும் தொடர்புள்ளது. என்னைப் போன்ற பலருக்குத் தொடைகளில் உணர்ச்சி இல்லை. மேசை இறங்கித் தொடையை அழுத்தினால் எங்களுக்கு அது தெரியாது. நேரம் கழித்துப் புண்ணாகத்தான் தெரியவரும். மோட்டார் மேசைகளில் இருக்கும் தடையுணரி கடினமான பொருளில் மோதும்போது சரியாகத் திரும்புகிறது, ஆனால் மென்மையான தொடையில் மெதுவாக அமுங்கும்போது அதை நம்ப முடியாது. அதனால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கீழ் எல்லையைப் பதிவு செய்து பூட்டுங்கள். மேசையை நகர்த்துவதற்காக அதற்கும் கீழே இறக்க வேண்டுமென்றால், விரலை எடுத்தால் நின்றுவிடும் தனிப் பொத்தான் ஒன்றினால் மட்டுமே அது நடக்க வேண்டும். ஒருமுறை தட்டிவிட்டால் தானாகப் போய் நிற்கும் வசதியை இறங்கும் திசையில் வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, நாற்காலியில் கை ஊன்றும் கைப்பிடி. சக்கர நாற்காலியின் கைப்பிடிகள் மேற்பலகைக்குக் கீழே போகவில்லையென்றால் 685 மி.மீ. இருந்தும் பயனில்லை, நாற்காலி விளிம்பிலேயே முட்டி நின்றுவிடும், நான் முன்னால் குனிந்து எட்டி வரைய வேண்டியிருக்கும், மாலைக்குள் தோள் வலிக்கத் தொடங்கும். உங்கள் நண்பரின் நாற்காலியைக் கொண்டுவந்து, அவர் அமர்ந்த நிலையில் தொடையின் மேற்புறத்தையும் கைப்பிடியின் மேற்புறத்தையும் அளந்துகொள்ளுங்கள். மேற்பலகையின் முன்விளிம்பில் வயிற்றுப் பக்கமாக ஓர் உள்வளைவு வெட்டினால், இருபுறமும் முழங்கைகளைத் தாங்கும் பலகை கிடைக்கிறது. உடலை நிமிர்த்தி வைக்கும் தசைகள் வேலை செய்யாதவர்களுக்கு இந்தத் தாங்கல் பேருதவி. இப்படி வெட்டிய பலகையை நின்று வேலை செய்பவர்களும் விரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரேக்கைக் காலால் மிதிக்கச் சொல்லாதீர்கள். நான்கு சக்கரங்களையும் இணைத்து ஒரே அசைவில் பூட்டும் அமைப்பு மருத்துவமனைக் கட்டில்களில் கால்மிதியாக இருக்கிறது. அதையே மேற்பலகையின் விளிம்பில் உள்ள ஒரு நெம்புகோலால், கையால் இயக்குவதாக மாற்றலாம். அதே தரநிலை, எந்தப் பிடியையும் ஒரு கையால், இறுக்கிப் பிடிக்காமல், மணிக்கட்டைத் திருகாமல், 22 நியூட்டனுக்கு (ஏறத்தாழ இரண்டேகால் கிலோ விசைக்கு) மேற்படாத விசையில் இயக்க முடிய வேண்டும் என்கிறது. உயரப் பொத்தான்களும் முன்விளிம்பில் இருக்கட்டும், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக. அப்போதுதான் இடக்கையால் வேலை செய்பவருக்கும் எட்டும்.

மேசையைப் பிரிப்பது பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கருவி வண்டி தனியே இருந்தால், அதை யாராவது எடுத்துப்போய் வேறிடத்தில் விட்டுவிடுவார்கள்; நான் அதைத் தேடிப்போய்த் தள்ளிவர வேண்டும். வண்டியில் நாற்காலியோடு பிணைக்கத்தக்க கொக்கி ஒன்றும், திரும்பாமல் நேரே ஓடும் இரண்டு பெரிய சக்கரங்களும் இருந்தால் பின்னால் இழுத்துச் செல்ல என்னால் முடியும். அந்தக் கொக்கி இல்லாத வண்டி எனக்குப் பயன்படாது.

மின்னோடி

மின்சாரம் பற்றி மட்டும். தரையில் நீட்டிப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். சக்கர நாற்காலிக்கும் வெள்ளைக் கோலுக்கும் அது தடை, மேசைச் சக்கரம் ஏறினால் கம்பியின் உறையும் கிழியும்.

மடிக்கணினிக்கு 60 வாட், பென் டிஸ்ப்ளேக்கு (எழுதுகோலால் நேரே வரையும் திரைக்கு) 30, விளக்குக்கு 10 என்று வைத்தால் 100 வாட். நான்கு மணி நேரத்துக்கு 400 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 460 வரை போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் எட்டை வரிசையாக இணைத்தால் 25.6 வோல்ட், 20 ஆம்பியர்-மணி கலம் என்றால் 512 வாட்-மணி கிடைக்கும், அதாவது அரை வேலைநாளுக்குச் சரியாக இருக்கும். மற்ற லித்தியம் வகைகளைவிட இது வெப்பத்தில் நிலையானது, ஆட்கள் அருகிலேயே அமர்ந்திருக்கும் மேசைக்கு இதைத்தான் சொல்வேன். கலத்தைப் பாதுகாக்கும் மின்சுற்றும் உருகியும் (ஃபியூஸ்) கட்டாயம். 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரைத் தவிர்த்துவிட்டு, யூ.எஸ்.பி.-சி வழியே நேராகக் கொடுத்தால் இழப்பும் குறையும், மேசையில் உயர் மின்னழுத்தமும் இராது. 2021 இல் வந்த விதிகளின்படி அந்த இணைப்பு 240 வாட் வரை கொடுக்கும். ஒலிப்பதிவின்போது விசிறிச் சத்தம் இல்லை என்பது கூடுதல் நன்மை. கலத்தைக் கருவி வண்டியின் அடித்தட்டில் வையுங்கள்.

தனி கிராபிக்ஸ் அட்டையுள்ள பெரிய கணினியை மின்கலத்தில் ஓட்ட முயலாதீர்கள். அது ஒரு மூலையில் நிலையாக இருந்து, மேசையிலிருந்து பிணையம் வழியே அதை இயக்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

கோட்டுச்சித்திரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. யார் நகர்த்துவது என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது உண்மை. இன்று கூடத்தில் எல்லோரிடமும் பேசினேன். மூன்று நிலையான சட்டகங்களுக்கு இடமில்லை. ஆகவே குறைந்த எடையில் ஒரு சி-கால் மேசையும், கொக்கியுள்ள கருவி வண்டியும் என்று வரைவை மாற்றுகிறேன். இழுப்பறை போய்விட்டது. முன்விளிம்பில் வளைவு வெட்டப்போகிறேன். இடக்கையால் வரைபவருக்காகப் பென் டிஸ்ப்ளேயை மானிட்டர் தாங்கியில் பொருத்துவதா, மேற்பலகையிலேயே வைப்பதா என்பதும், பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் இன்னும் தெளிவாகவில்லை.

செவிவழி

பார்வைக் குறைபாடு உள்ளவன் என்ற முறையில் எழுதுகிறேன். நானும் ஒலித்துறையில் இருப்பவன். இந்த இழையில் யாரும் பேசாத முரண்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு கூடத்தை நான் நினைவில் வைத்துத்தான் நடக்கிறேன். நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லாத மேசை, உங்களுக்கு வசதி. எனக்கு அது அடையாளம் இல்லாமல் முளைத்த தடை. அதோடு, முழங்காலுக்காக 685 மி.மீ. வரை வெறுமையாக விட்ட மேசையின் விளிம்பைக் கோல் கண்டுபிடிக்காது. தரையை ஒட்டி வீசும் கோல் மேற்பலகைக்குக் கீழே புகுந்து போய்விடும், வயிறு விளிம்பில் மோதும். அதனால்தான், 685 மி.மீட்டருக்கு மேலே இருக்கும் பொருள்கள் நடைவழிக்குள் 100 மி.மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அதே தரநிலை சொல்கிறது. சக்கர நாற்காலிக்குத் தேவையான வெறுமையும் கோலுக்குத் தேவையான தடுப்பும் ஒரே மேசையில் எதிரெதிராக நிற்கின்றன.

இதற்குத் தீர்வு உண்டு. முழங்கால் போகும் முன்பக்கத்தைத் தவிர்த்து, மற்ற மூன்று பக்கங்களிலும் மேசையின் அடிச்சட்டம் தரையை ஒட்டி, மேற்பலகையின் விளிம்புக்கு நேர்கீழே வரை வரட்டும். அப்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கோல் முதலில் சட்டத்தில் படும். முன்பக்கம் எப்போதும் சன்னலையோ சுவரையோ நோக்கியபடி, நடைவழிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மேசைக்கும் வண்டிக்கும் கூடத்தில் மூன்று இருப்பிடங்களை மட்டும் முடிவு செய்து, தரையில் தடவினால் தெரியும் பட்டைகளால் குறியுங்கள். இவற்றைத் தவிர வேறெங்கும் நிறுத்தக் கூடாது. நடைவழியில் 915 மி.மீ. அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். யார் நகர்த்தினாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுவரில் எழுதி ஒட்டினால் எனக்கு என்ன பயன்?

சிறு விவரங்கள்: மேற்பலகை வெளிர் நிறமானால் விளிம்பு கருநிறமாக இருக்கட்டும், பளபளப்பு வேண்டாம். உயரப் பொத்தான்களில் மேல், கீழ் இரண்டுக்கும் விரலுக்குத் தெரியும் வேறுபாடு வேண்டும். தொடுதிரைப் பொத்தான் எனக்குப் பொத்தானே அல்ல. ஹெட்போன் கொக்கி, ஒலிப்பெட்டியின் குமிழ்கள், மின்பொத்தான் ஆகியவை மேசை எங்கே போனாலும் அதே இடத்தில், அதே வரிசையில் இருந்தால், கூடம் மாறினாலும் மேசை எனக்குப் பழகியதாகவே இருக்கும்.

கைவாகு

உடற்குறைபாடு உள்ளவர்கள் அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபி துறையில் பணிபுரிகிறேன். நடுக்கம் பற்றிய கேள்விக்கு என் பதில்: மானிட்டர் தாங்கி வேண்டாம். தாங்கியின் துளைகள் 75 அல்லது 100 மி.மீ. என்ற பொது அளவில் இருப்பதால் பென் டிஸ்ப்ளே அதில் எளிதாகப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் எழுதுகோலின் அழுத்தத்துக்கும் ஊன்றிய கையின் பாரத்துக்கும் அது கீழே அமுங்கி ஆடும். நடுங்கும் கைக்கு முதல் மருந்து அசையாத பரப்பு. மேற்பலகையிலேயே கீல் வைத்த சாய்பலகை ஒன்றைப் பொருத்தி, 15 முதல் 20 பாகை சாய்வில் உறுதியாக நிற்கச் செய்யுங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கை முழுவதும் தாங்கப்பட வேண்டும். தாங்கி வேண்டுமானால் பார்க்க மட்டும் பயன்படும் இரண்டாவது திரைக்கு இருக்கட்டும்.

இதே காரணத்துக்காக, சக்கரத்தின் மேல் நிற்கும் மேசையில் அவர் வரைவதை நான் விரும்பமாட்டேன். பிரேக் போட்ட பிறகும் ரப்பர் சக்கரம் சற்றே நெளியும். உயர்த்திய கால்களில் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியும். தூரிகையாள் சொன்ன நெம்புகோலே நான்கு ஊன்றுகால்களைத் தரையில் இறக்கிச் சக்கரங்களைச் சற்றே தூக்கிவிடுமாறு அமைத்தால், பூட்டுவதும் நிலைப்படுத்துவதும் ஒரே அசைவில் முடியும். அதற்கு வேண்டிய விசை 22 நியூட்டனைத் தாண்டினால், நெம்புகோலுக்குப் பதில் சிறு மின்மோட்டார் வையுங்கள்.

மென்பொருளிலும் உதவி இருக்கிறது. கிரிட்டா போன்ற ஓவியச் செயலிகளில் கோட்டை நேர்ப்படுத்தும் அமைப்பு உண்டு. அளவு கூடினால் கோடு கையைவிடப் பின்தங்கி வரும், ஆகவே அவரே கூட்டிக் குறைத்துப் பார்த்துத் தமக்கேற்ற நிலையைக் கண்டுகொள்ளட்டும். ஒரு கையால் வரைபவருக்குக் குறுக்குவழி விசைகள் பெரிய சிக்கல்: எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் விசைப்பலகைக்குப் போக முடியும். காலால் அழுத்தும் விசை இதற்கு நல்ல தீர்வு என்றாலும், அதன் கம்பி தரையில் கிடக்கக் கூடாது, சக்கர நாற்காலியின் பாதப் பலகைக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. கம்பியில்லா வகையை, எடுத்து மாட்டும் கொக்கியோடு வையுங்கள். கால் ஒத்துவராவிட்டால், சாய்பலகையின் இடவிளிம்பில் இல்லாமல் மேல்விளிம்பில் சில பெரிய பொத்தான்களை வைக்கலாம்; வரையும் முன்கை அங்கே தவறிப் படாது.

பலகையை அறுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தடித்த அட்டையில் மேற்பலகையை உள்வளைவோடு அதே அளவில் வெட்டி, ஏற்ற இறக்கம் செய்யத்தக்க இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, ஐவரையும் தனித்தனியே, அவரவர் நாற்காலியோடும் கோலோடும் ஒரு முழு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். எங்கே முழங்கை ஊன்றுகிறார்கள், எந்தப் பொருளுக்காக எட்டுகிறார்கள், எங்கே இடிக்கிறார்கள் என்பதை அட்டையிலேயே பேனாவால் குறித்துக்கொண்டு, அந்த அட்டையை அப்படியே தச்சரிடம் கொடுங்கள்.